மேக்ரோ படம் ஏன் இருட்டடிக்கிறது, எக்ஸ்போஷரை எப்படிச் சரிசெய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். புதிதாக 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். மேனுவலில் வைத்துத் தள்ளி நின்று எடுத்தபோது சரியாக வந்த அதே அளவுகள், ஈயின் கண்ணை நெருங்கியதும் இருட்டடித்துவிட்டன. ஆட்டோவில் எடுத்த நந்தியாவட்டைப் பூ வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் வந்திருக்கிறது. ஃப்ளாஷ் போட்டால் பொன்வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டுகள், பின்புலமோ கன்னங்கரேல் என்றிருக்கிறது. லென்ஸ் பழுதா, எந்த அளவுகளில் வைத்தால் சரியாகும் என்று கேட்கிறீர்கள்.

லென்ஸில் எந்தக் குறையும் இல்லை. முதலில் அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எஃப்/2.8 என்பது வெளிச்சம் புகும் துளையான அப்பர்ச்சரின் அளவு; எண் கூடினால் வெளிச்சம் குறையும். அந்த எண் தொலைவில் உள்ள பொருளை எடுக்கும்போது மட்டுமே உண்மை. ஒரு பொருளை அதன் அசல் அளவிலேயே சென்சாரில் விழவைப்பதைத்தான் 1:1 என்கிறோம். அதற்கு லென்ஸ் சென்சாரை விட்டு விலகிப் போக வேண்டும். எளிய அமைப்புள்ள ஒரு 100 மி.மீ. லென்ஸ் 1:1-க்கு வரும்போது சென்சாரிலிருந்து 200 மி.மீ. தள்ளி நிற்கும். ப்ரொஜெக்டரைச் சுவரிலிருந்து பின்னுக்கு நகர்த்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: படம் பெரிதாகும், கூடவே மங்கும். தூரம் இரட்டித்தால் அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டியிருக்கிறது. நான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிஞ்சுகிறது. வெளிச்சம் ஒருமுறை பாதியாவதை ஒரு ஸ்டாப் என்பார்கள், ஆகவே இது இரண்டு ஸ்டாப் இழப்பு.

இதற்குக் கணக்கு மிக எளிது. உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணால் எஃப் எண்ணைப் பெருக்குங்கள். 1:1 என்றால் இரண்டால் பெருக்க வேண்டும், எஃப்/2.8 வைத்தாலும் எஃப்/5.6 அளவு வெளிச்சம்தான் வரும், எஃப்/8 வைத்தால் எஃப்/16 அளவு. பாதி அளவில், அதாவது 1:2-இல், ஒன்றரையால் பெருக்குங்கள். எஃப்/8 அங்கே எஃப்/12 ஆகிறது, ஒரு ஸ்டாப்புக்குச் சற்றே கூடுதலான இழப்பு. பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு செடியை எடுக்கும்போது கால் ஸ்டாப் போகும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். மறுபக்கம் கேனானின் எம்பி-ஈ 65 மி.மீ. லென்ஸ் ஐந்து மடங்குவரை பெரிதாக்கும். அந்த எல்லையில் அதன் எஃப்/2.8, ஏறத்தாழ எஃப்/17. இன்றைய லென்ஸ்கள் பலவும் வெளியே நீளாமல் உள்ளுக்குள் கண்ணாடிகளை நகர்த்தி, குவியத் தூரத்தையே குறைத்துக்கொண்டு நெருங்குகின்றன. ஆகவே இந்தக் கணக்கு லென்ஸுக்கு லென்ஸ் சற்று முன்பின்னாக இருக்கும். ஆனாலும் 1:1-இல் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் போகத்தான் செய்யும்.

இங்கே பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. நிகான் கேமராவில் அந்நிறுவனம் மைக்ரோ என்று அழைக்கும் மேக்ரோ லென்ஸைப் பூட்டி நெருங்கினால், எஃப்/2.8 என்ற எண் தானாகவே எஃப்/3.5, எஃப்/4 என்று ஏறி எஃப்/5-ஐ ஒட்டிப் போய் நிற்கும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் சென்றவர்களை நான் அறிவேன். கெடவில்லை, அந்தக் கேமரா உண்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான். கேனானின் டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் கடைசிவரை எஃப்/2.8 என்றே காட்டும். இழப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே நிகான்காரர் ஒருவர் "1:1-இல் எஃப்/16 வைத்தேன்" என்றால், கேனான் வைத்திருப்பவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாதாரண லென்ஸுக்குப் பின்னால் மாட்டும் எக்ஸ்டென்ஷன் வளையங்களுக்கும் இதே விதிதான். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. வளையம் போட்டால் பாதி அளவு, ஒரு ஸ்டாப்புக்கு மேல் இழப்பு, 50 மி.மீ. வளையம் போட்டால் 1:1, இரண்டு ஸ்டாப். ஆனால் லென்ஸின் முன்பக்கம் திருகும் குளோஸ்-அப் கண்ணாடிகள் வெளிச்சத்தை ஏறக்குறைய விழுங்குவதே இல்லை. ரேய்நாக்ஸ் டிசிஆர்-250 போன்ற முன்கண்ணாடியை இத்தனை பேர் விரும்புவதற்கு விலை மட்டும் காரணமில்லை.

இவ்வளவு இழப்பையும் நாம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். இன்றைய கேமராக்கள் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தையே அளக்கின்றன. 1963-இல் டாப்கான், 1964-இல் பென்டாக்ஸ் என்று அந்த வசதி வந்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் கற்றுக்கொண்டபோது என் கையில் இருந்த பழைய கேமராவில் மீட்டர் வேலை செய்யவில்லை. கையடக்க மீட்டரில் அளந்து, 50 மி.மீ. லென்ஸில் வளையம் மாட்டி, முப்பத்தாறு படங்கள் கொண்ட ஒரு ஸ்லைடு ஃபிலிம் முழுவதையும் தும்பிகளுக்கே செலவிட்டேன். பூவின் மேல் விழும் வெளிச்சத்தை அந்த மீட்டர் சரியாகவே சொன்னது. என் லென்ஸ் எவ்வளவு முன்னே நீண்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஸ்லைடு ஃபிலிம் அரை ஸ்டாப் பிழையைக்கூடப் பொறுக்காது. முப்பத்தாறும் இருட்டு. அந்த மழைக்காலத்துத் தும்பிகளை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது. அன்றிலிருந்துதான் மேக்ரோவில் எக்ஸ்போஷர் என்பது தூரத்தோடு கட்டுண்டது என்ற எண்ணம் எனக்குள் உறைந்தது.

உங்களுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ அதுவே. தள்ளி நின்று அளந்து, மேனுவலில் பூட்டிவிட்டு, நெருங்கினீர்கள். அப்பர்ச்சர் முன்னுரிமையில் வைத்திருந்தால் படம் இருட்டாக வந்திருக்காது. கேமரா ஷட்டரை 1/250-இலிருந்து 1/60-க்கு இறக்கியிருக்கும், படம் அசைந்து கலங்கியிருக்கும். அதனால் நான் சொல்வது: முதலில் எவ்வளவு பெரிதாக எடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஃபோகஸ் வளையத்தை அந்த அளவில் நிறுத்திவிட்டு, உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து ஃபோகஸ் பிடியுங்கள். பிறகுதான் மீட்டரைப் பாருங்கள். உருப்பெருக்கம் மாறாதவரை நீங்கள் வைத்த எக்ஸ்போஷரும் மாறாது.

அடுத்தது அப்பர்ச்சர். மற்றப் படங்களில் வெளிச்சம் போதாவிட்டால் அப்பர்ச்சரைத் திறந்துவிடுகிறோம். மேக்ரோவில் அந்தச் சுதந்திரம் கிடையாது. முழுச்சட்ட சென்சாரில் 1:1-இல் எஃப்/8 வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். எஃப்/2.8 வைத்தால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஈயின் கண் தெளிவாக இருக்கும், அதன் உணர்கொம்பு கரைந்துபோயிருக்கும். சரி, எஃப்/22 வரை மூடிவிடலாமே என்றால் விளிம்பு விலகல், அதாவது சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது, குறுக்கே வரும். எஃப்/16 வைத்தால் 1:1-இல் அது எஃப்/32 போல நடக்கும் என்று பார்த்தோம். அப்போது ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் சுமார் 0.04 மி.மீ. அகலத்துக்குப் பரவிவிடும். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதும் மெல்லிய துணி போர்த்தியதுபோல மழுங்கிவிடும். ஆகவே 1:1-இல் நான் எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் இடையிலேயே நிற்கிறேன். எஃப்/16-ஐத் தொடுவது மிக அரிது. நிகானில் இதே இடம் எஃப்/14 முதல் எஃப்/20 வரை என்று திரையில் தெரியும்.

ஷட்டரும் பிடிகொடுக்காது. குவியத் தூரத்தைத் தலைகீழாக்கினால் போதும், 100 மி.மீ.-க்கு 1/100 என்ற விதி இங்கே செல்லாது. கை நடுக்கமும் உருப்பெருக்கத்தோடு சேர்ந்து பெரிதாகிறது. நடுக்கத்தைத் தணிக்கும் வசதியும் நெருக்கத்தில் வலுவிழக்கும். கேனான் 2009-இல் வெளியிட்ட 100 மி.மீ. எல் மேக்ரோ லென்ஸுக்குச் சாதாரணத் தொலைவில் நான்கு ஸ்டாப் உதவி என்றும், 1:1-இல் இரண்டு ஸ்டாப் என்றும் அந்நிறுவனமே குறிப்பிட்டது. கையில் பிடித்து எடுத்தால் 1/250-க்குக் கீழே இறங்காதீர்கள். செடி காற்றில் ஆடினால் அதுவும் போதாது.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 100, எஃப்/16, 1/100 என்பது பழகிய அளவு. 1:1-இல் எஃப்/11 வைத்தால் அது எஃப்/22 போல நடக்கிறது, ஷட்டர் 1/50-க்கு இறங்க வேண்டும். உங்களுக்கு 1/250 தேவை, ஆகவே ஐஎஸ்ஓ 500. இது உச்சி வெயிலில். பூச்சிகள் பெரும்பாலும் இருக்கும் நிழலில் மூன்று ஸ்டாப் குறைவு, ஐஎஸ்ஓ 4000. அப்பர்ச்சரை ஆழம் பிடித்துக்கொண்டது, ஷட்டரை நடுக்கம் பிடித்துக்கொண்டது. மிச்சம் ஐஎஸ்ஓ ஒன்றுதான், அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. எனவே "எந்த அளவு வைப்பது" என்ற கேள்வியை "வெளிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது" என்று மாற்றிக்கொள்ளுங்கள். மேக்ரோ எடுப்பவர்கள் செலவிடும் உழைப்பில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது.

வெயில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம், ஆனால் வெறும் வெயில் ஆகாது. உச்சி வெயிலில் ஓர் இதழின் விளிம்பு வெளுத்துப்போகும், அதன் மடிப்பு கரியாகும். இரண்டையும் எந்த எக்ஸ்போஷராலும் காப்பாற்ற முடியாது. நான் பையில் ஒரு பழைய நாலு முழ வேட்டியை வைத்திருப்பேன். இரண்டு குச்சிகளில் கட்டிப் பூவுக்கு மேலே பிடித்தால் வெயில் பாலாக இறங்கும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் குறைவது சீராகக் குறையும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால் நிழல்பகுதி எழுந்துவரும். காலை ஆறரை மணியின் வெளிச்சம் அழகானது, அளவில் குறைவு. முக்காலி வேண்டும். அந்த நேரத்தில் தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் குளிரில் விறைத்துப் பனித்துளியோடு அசையாமல் இருக்கும் என்பதால் 1/15 விநாடிகூடச் சாத்தியம். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இயற்கையே தரும் விடியலுக்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தால் போதுமானது.

முக்காலியில் டிஎஸ்எல்ஆர் வைத்து, கண்ணை எடுத்துவிட்டு ரிமோட்டில் எடுத்தால், வ்யூஃபைண்டர் வழியாகப் பின்னாலிருந்து வெயில் புகுந்து மீட்டரை ஏமாற்றும். படம் காரணமில்லாமல் இருட்டும். ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

நந்தியாவட்டைக்கு வருகிறேன். மீட்டருக்கு எல்லாப் பொருளும் நடுத்தரச் சாம்பல்தான். அது காணும் எதையும் அந்த அளவுக்குக் கொண்டுவர முயலும். வெள்ளைப் பூ சட்டத்தை நிறைத்தால் அதைச் சாம்பலாக்கும்; கட்டெறும்பும் கரும்பட்டையும் சட்டத்தை நிறைத்தால் அவற்றையும் சாம்பலாக்கும். ஆகவே வெள்ளைக்கு +1 முதல் +1.7 ஸ்டாப் வரை கூட்ட வேண்டும், கறுப்புக்கு ஒரு ஸ்டாப் (−1) குறைக்க வேண்டும். இதுவரை பலரும் சொல்வதுதான். மேக்ரோவில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது: அதே பூ, அதே வெளிச்சம், ஆனால் நீங்கள் நெருங்க நெருங்கத் திருத்தம் மாறிக்கொண்டே போகிறது. தள்ளி நின்றால் சட்டத்தில் பச்சை இலைகள் அதிகம், திருத்தமே வேண்டாம். பூ பாதிச் சட்டத்தைப் பிடிக்கும்போது +0.7. இதழ் ஒன்றே சட்டத்தை நிறைக்கும்போது +1.7. இன்னொரு புறம், இருண்ட புதரின் முன்னே ஒரு சிறிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி அமர்ந்திருந்தால், "வெள்ளைக்குக் கூட்டு" என்று கூட்டினால் சிறகுகள் கரைந்துபோகும். அங்கே மீட்டர் பார்ப்பது புதரை, குறைக்கத்தான் வேண்டும்.

இந்த ஊசலாட்டத்திலிருந்து தப்ப எளிய வழி, பூவை அளக்காமல் அதன் அருகிலுள்ள பச்சை இலையை அளப்பது. அதே வெளிச்சத்தில், அதே உருப்பெருக்கத்தில், பளபளப்பில்லாத நடுத்தரப் பச்சை இலையை, ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து மேனுவலில் வைத்துவிட்டுப் பூவுக்குத் திரும்புங்கள். இலை கிடைக்காவிட்டால் உங்கள் உள்ளங்கை: அது நடுத்தரச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சமானது, ஆகவே உள்ளங்கையை அளந்தால் +1.

சிவப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதல் மழைக்குப் பிறகு செம்மண் நிலத்தில் ஊரும் தம்பலப்பூச்சியை எடுத்திருக்கிறீர்களா? சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது இதுதான். அதன் உடலெங்கும் பட்டுப் போன்ற மென்மயிர். மீட்டரும் பொதுவான ஹிஸ்டோகிராமும் (கேமரா திரையில் காட்டும் வெளிச்ச வரைபடம்) எல்லாம் சரி என்று சொல்லும், வீட்டுக்கு வந்து பார்த்தால் மயிரே இல்லாத ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் இருக்கும். காரணம், பச்சையும் நீலமும் தாழ்வாக இருக்கும்போதே சிவப்பு வரிசை மட்டும் உச்சியில் முட்டி நிரம்பிவிடுகிறது. செம்பருத்திக்கும் இதே கதி. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள். சிவப்பு வலப்பக்கச் சுவரில் முட்டினால் −0.7, தேவைப்பட்டால் −1. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் எடுங்கள். இருட்டிலிருந்து கொஞ்சம் மீட்டுவிடலாம், முட்டித் தீர்ந்துபோன சிவப்பை மீட்க முடியாது.

இனி ஃப்ளாஷ். நிழலில் பூச்சியைக் கையில் பிடித்து எடுப்பதற்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. ஃப்ளாஷைக் குறைந்த வலுவில் வைத்தால் அது எரியும் நேரமும் குறைகிறது. 1/16 வலுவில் பல ஃப்ளாஷ்கள் விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியே எரிகின்றன. கை நடுக்கத்தை நிறுத்துவது அப்போது ஷட்டர் அல்ல, அந்த மின்னல்தான். எஃப்/11, 1/200, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் 1/16 என்று மேனுவலில் தொடங்குங்கள். ஓர் இலையை எடுத்துப் பார்த்து ஃப்ளாஷின் வலுவை மட்டும் ஏற்றி இறக்குங்கள்.

ஃப்ளாஷின் தலையை லென்ஸின் முன்விளிம்புக்கு அருகே கொண்டுவந்தால் ஓர் அழகான ஈடுகட்டல் நிகழ்கிறது. நெருங்கும்போது லென்ஸ் வெளிச்சத்தை இழக்கிறது. அதே நேரத்தில் ஃப்ளாஷும் பூச்சியை நெருங்குவதால் அதன் மேல் விழும் வெளிச்சம் கூடுகிறது. பின்வாங்கும்போது இரண்டும் எதிர்த்திசையில் போகின்றன. முழுமையாக அல்ல, ஆனால் பெருமளவுக்கு ஒன்றை மற்றொன்று சரிக்கட்டிவிடுகிறது. லென்ஸ் வழியாக அளந்து வலுவைத் தானே முடிவுசெய்யும் டி.டி.எல். ஃப்ளாஷ் ஒவ்வொரு முறையும் வேறு வேறு முடிவுக்கு வந்து ஏமாற்றும் கட்டெறும்பையும் வெள்ளை இதழையும் இப்படி மேனுவலில் வைத்து ஒரே அளவில் எடுக்க முடிகிறது.

பொன்வண்டின் முதுகில் வந்த வெள்ளைத் திட்டுகளுக்கு எக்ஸ்போஷரைக் குறைப்பது மருந்தாகாது. குறைத்தால் வண்டு இருட்டும், திட்டு திட்டாகவே இருக்கும். அந்தத் திட்டு என்பது பளபளக்கும் ஓட்டில் தெரியும் ஃப்ளாஷின் பிம்பம். பிம்பத்தைப் பெரிதாக்கி மென்மையாக்க வேண்டும். அதாவது வண்டின் கண்ணுக்கு ஃப்ளாஷ் ஒரு சிறு சன்னலாகத் தெரியாமல் முழு வானமாகத் தெரிய வேண்டும். மின்சாதனப் பெட்டிகளில் வரும் வெள்ளை நுரைத்தாளையோ பட்டர் பேப்பரையோ வளைத்து, லென்ஸுக்கு மேலே கூரைபோல, பூச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அருகில் வரும்படி கட்டுங்கள். தாள் ஃப்ளாஷுக்கு ஒட்டியே இருந்தால் பயனில்லை. இடைவெளி வேண்டும், அப்போதுதான் வெளிச்சம் தாள் முழுவதும் பரவும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப்வரை விழுங்கும், அதற்கேற்ப வலுவைக் கூட்டுங்கள். பொன்வண்டின் பச்சையும் பொன்னும் அப்போதுதான் வெளியே வரும்.

கறுப்புப் பின்புலத்துக்கும் தூரமே காரணம். வண்டு ஃப்ளாஷிலிருந்து 15 செ.மீ., பின்னால் உள்ள இலை 60 செ.மீ. நான்கு மடங்கு தொலைவு, ஆகவே பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம், நான்கு ஸ்டாப் குறைவு. இலை மறைந்தே போகும். இதைத் தீர்க்க இரண்டு வழிகள். ஒன்று, பின்புலத்தையே அருகில் கொண்டுவருவது: உதிர்ந்த இலை ஒன்றை வண்டுக்குப் பின்னால் ஒரு சாண் தொலைவுக்குள் பிடிக்கச் சொல்லுங்கள். மற்றது, பின்புலத்தை இயற்கை வெளிச்சத்திடம் ஒப்படைப்பது. ஃப்ளாஷை அணைத்துவிட்டு, படம் ஒன்றரை அல்லது இரண்டு ஸ்டாப் இருட்டாக வரும்வரை ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், ஷட்டரைச் சற்று இறக்குங்கள். பிறகு ஃப்ளாஷை இயக்கி, ஐஎஸ்ஓ ஏறியதற்கு ஏற்ப அதன் வலுவைக் குறையுங்கள். பின்புலம் மங்கிய பச்சையாக மலரும், வண்டு ஃப்ளாஷில் துலங்கும். ஆசைப்பட்டு இயற்கை வெளிச்சத்தை முழு அளவுக்கு ஏற்றிவிட்டால் அசைவு இரட்டை விளிம்பாகத் தெரியும்.

ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை, ஆழத்துக்காக அடுக்கி ஒன்றாக்கும் எண்ணம் இருந்தால் எல்லாமே மேனுவலில் இருக்கட்டும், வெள்ளைச் சமநிலை உட்பட. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பி எடுத்தால் உருப்பெருக்கத்தோடு வெளிச்சமும் நூலளவு மாறும். ஃப்ளாஷ் முழுதாக மின்னேற்றம் பெறும்வரை ஒவ்வொரு படத்துக்கும் பொறுங்கள்.

நாளைக் காலையில் தோட்டத்துக்குப் போகும்போது ஒரு சிறு வேலை செய்யுங்கள். 1:1, 1:2, 1:3 ஆகிய மூன்று அளவுகளிலும் ஒரே இலையை ஃப்ளாஷோடு எடுத்து, எந்த வலுவில் சரியாக வந்தது என்று ஒரு வெள்ளை டேப்பில் எழுதி லென்ஸின் மேல் ஒட்டிவையுங்கள். என் லென்ஸில் ஒட்டிய டேப் மஞ்சளாகி எழுத்து மங்கிவிட்டது; மூன்று எண்களும் இன்றும் சரியாகவே இருக்கின்றன.